அகலம் என்றால் அகலம்தான்

சங்கரா,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாய், இங்கிலீஷில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவாய், தமிழில் உன் பெயருக்கு மேல் ஒரு எழுத்து வராது. அதனால் நாளை நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பப் பெட்டி எடுக்க வீட்டுக்கு வரும்போது உங்கப்பா இதை உனக்கு வாசித்துக் காட்டுவார். நான் வீட்டில் இருக்க மாட்டேன். இருந்தால் நீ வந்து தோளில் கையைப் போட்டு, "அம்மா டென்ஷன் ஆவாத" என்பாய். நானும் இளகிப்போய் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். முப்பது வருஷமாக இதே கதைதான் நடக்கிறது. (ஏங்க, இந்த இடத்தில் சிரிக்காதீங்க. ஒரு வரி விடாமல் வாசிக்கணும். பிள்ளை முகம் வாடுதே என்று நடுவில் எதையாவது முழுங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். இதன் இன்னொரு படி செல்லத்தாயிடம் இருக்கிறது.)

செல்லத்தாய் யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வேலை கெட்டுப்போனது பற்றி நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் அவளுக்குப் பெயரே இல்லை, "ஆபரேட்டர்" என்றுதான் இருக்கிறது. போனக்காட்டு எஸ்டேட்டில் தேயிலை கிள்ளியவர்களின் மகள் அவள். பாலிடெக்னிக் படித்துவிட்டு உன் கம்பெனியின் தூசி புகாத சுத்த அறையில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கோடுகளைச் செதுக்கி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அளந்து சொல்கிறவள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. நெடுமங்காட்டில் வாடகை வீடு, கூட அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும். வருகிற வெள்ளிக்கிழமை அவளை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்க உன் மேலாளர் கூட்டம் போட்டிருக்கிறார். அனுப்புவதற்கு அவர் கையில் இருக்கும் ஒரே காரணம் நீ எழுதிய ஒரு வாக்கியம். "அளவு மாறியது பற்றி ஆபரேட்டர் தகவல் தரவில்லை." அது பொய். எழுதும்போது பொய் என்று உனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். பதினோரு நாளாகத் தெரியும்.

உங்கப்பா இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன அளவு?" என்று கேட்பார். ஆயுசு முழுவதும் ஆபீஸில் கோப்பு தள்ளிய மனுஷன், அவருக்காகச் சொல்கிறேன். மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனிகளில் அமோனியா கசியும். மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்யத்தான் இவ்வளவு பாடும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை மட்டும் விழுங்கும். அந்த நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத நடு அகச்சிவப்பில் இருக்கின்றன. லேசர் கொடுப்பது ஏறக்குறைய ஒரே நிறம். அதைக் கணத்திலும் சிறிய ஒரு துடிப்பாக வேவ்கைடுக்குள், அதாவது சிலிக்கான் ஜெர்மேனியத்தில் செதுக்கிய ஒளி ஓடும் பாதைக்குள் அனுப்பினால், மறுமுனையில் அது நூறு நிறமாக விரிந்து வரவேண்டும். அமோனியா விழுங்கும் நிறத்தையும் தாண்டி வரவேண்டும். எவ்வளவு விரியும் என்பதை அந்தப் பாதையின் உயரமும் அகலமும் தீர்மானிக்கும். எந்த நிறம் முந்தி ஓடும், எது பிந்தி ஓடும் என்பதெல்லாம் அந்த இரண்டு அளவுக்குள் இருக்கிறது. கொஞ்சம் ஒடுங்கிவிட்டால் துடிப்பு சேர்ந்து நின்று விரிவதற்கு முன்பே நீண்டு தளர்ந்துபோகும். நமக்கு அதுதான் நடந்தது. மூன்று வேஃபர் தகடு செதுக்கி, மேலே சிலிக்கான் மூடி போட்டு, லேசரை விட்டுப் பார்த்தால் ஒளி பாதி தூரம்கூட விரியவில்லை. வெட்டிப் பார்த்தீர்கள். நாலு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு, இருக்கவேண்டிய கோடு மூன்று வேஃபரிலும் கால் மைக்ரான் குறைவு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நாலு மைக்ரான் என்று சொன்னது நான். முப்பது வருஷம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சாப்பாட்டு மேஜையில் உன் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ஏலே, இன்னும் கொஞ்சம் ஒடுக்கு, இன்னும் கொஞ்சம்" என்று உன்னை விரட்டினேன். நாலில் வந்தபோது அந்த நிறமாலை திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மைக்ரான் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தோமா? இல்லை. பார்த்திருந்தால் நாலு என்பது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நடக்கிற மாதிரி என்று தெரிந்திருக்கும். நாலரையில் விரிவு கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் யார் செதுக்கினாலும் தாங்கியிருக்கும். திரையில் வரைகிற கை ஒன்று, அமிலமும் வாயுவும் வைத்துச் செதுக்குகிற கை இன்னொன்று. அந்தக் கைக்கு இடம் விடாமல் வரைகிறவன் டிசைனர் இல்லை, வெறும் படம் போடுகிறவன். அங்கே போய் எதை மறந்தாலும் இதை மறக்காதே. உன் அறிக்கையில் "டிசைனில் பிழையில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரியில்லை, அதற்கு நானும் பொறுப்பு.

இப்போது அந்தக் குரல் செய்திக்கு வருகிறேன். நீதான் என்னிடம் போட்டுக் காட்டினாய். கம்பெனியில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிவிட்டு, "அவ எனக்கு மெசேஜ் அயச்சான்னு பறயுறா, நீயே கேளும்மா" என்று, அவள் செய்தி அனுப்பியதாகச் சொல்வதை உன் கலப்புத் தமிழில் சொல்லி, போனை என் காதில் வைத்தாய். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் குரல் தெளிவாகக் கேட்டது. "சார், ஃபர்ஸ்ட் வேஃபர் அளந்துட்டேன். அகலம் கால் மைக்ரான் குறஞ்சிருக்கு. எல்லா லைன்லயும் அப்படித்தான். மத்த ரெண்டையும் ஓட்டட்டா, நிறுத்தட்டா?" அதற்கு உன் பதில் இரண்டே வார்த்தை. "சாரமில்ல, ஓட்டிக்கோ." அதாவது பரவாயில்லை, ஓட்டு. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னல சொல்லணும் அவ?" என்று கேட்டேன். நீ என்னைப் புரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாய். "அம்மா, அவ அகலத்தப் பத்தியல்லவா பறஞ்சா? வீதியப் பத்தி ஒண்ணும் பறயலயே."

 அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. மலையாளத்தில் அகலம் என்றால் தூரம், இடைவெளி. நாம் அகலம் என்பதை அவர்கள் வீதி என்பார்கள். கோட்டின் அகலம் குறைந்துவிட்டது என்று அவள் தமிழில் சொன்னதை, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துவிட்டது என்று நீ மலையாளத்தில் கேட்டிருக்கிறாய். கல்லாற்றில் டீக்கடை வாசலில், கூட்டாளிகளோடு பொன்முடிக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறாய். நூறு மைக்ரான் இடைவெளியில் கால் குறைந்தால் யாருக்கென்ன என்று நினைத்து, சாரமில்ல என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறாய். மீதி இரண்டு வேஃபரும் அதோடு போயிற்று. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் மாஸ்க்கை, அதாவது கோடு பதிக்கிற அச்சை, மாற்றி அந்த இரண்டையுமாவது காப்பாற்றியிருக்கலாம்.

அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. உனக்கு ஏழு வயசு இருக்கும்போது சாலைக் கடைத்தெருவில் திரைச்சீலைத் துணி எடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நாகர்கோவில்காரர் கடை. "எவ்வளவு அகலம் வேணும் தாயி?" என்று அவர் கேட்க, நீ முந்திக்கொண்டு, "வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர்" என்றாய். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். ஒரு நாளாவது உன்னை உட்கார வைத்து, இதுதான்டா அகலம் என்று கை விரித்துக் காட்டினேனா? இல்லை. அதற்கு முந்தின வருஷம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்திருந்தாய். பஸ்ஸில் நான் உன்னைத் தமிழில் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, உன் கூட்டாளிகள் "பாண்டி, பாண்டி" என்று தமிழரைக் கேலி செய்கிற சொல்லால் விரட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் வெளியில் உன்னோடு தமிழ் பேசுவதில்லை என்று. திருநெல்வேலியில் பிறந்தவள், பஸ்ஸில் என் பிள்ளையோடு பேசப் பயந்தேன். பிறகு வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. கட்டில் வாங்கினால் வீதி, கதவு வைத்தால் வீதி. நானே அகலத்தை மறந்தேன். உனக்கு வாய்த்த தமிழ் நாங்கள் சண்டை போடுகிற தமிழும் சாப்பிடக் கூப்பிடுகிற தமிழும்தான். அது என் தப்பு, அதற்காக உன்னிடம் மன்னிப்பும் கேட்டேன். நீயும் பெருந்தன்மையாக, "போட்டும்மா" என்றாய்.

அந்த மன்னிப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதியையாவது.

ஏன் என்று கேள். இரண்டு நாள் கழித்துப் பால் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் சும்மா இரண்டு கோடு போட்டுப் பார்த்தேன். மாஸ்க்கில் ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவுக்கு உள்ள தூரம் மாறவே மாறாது. அப்படியானால் இடைவெளி கால் மைக்ரான் குறைந்தால் என்ன அர்த்தம்? கோடு கால் மைக்ரான் பருத்துவிட்டது என்று அர்த்தம்! அதுவும் நம் டிசைனுக்கு ஆகாது. தமிழில் கேட்டாலும் நிறுத்தியிருக்க வேண்டும், மலையாளத்தில் கேட்டாலும் நிறுத்தியிருக்க வேண்டும். முதல் வருஷம் படிக்கிறவனுக்குத் தெரியும் இது. உனக்குத் தெரியாதா? தெரியும். நீ யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷம் இதே வேலை செய்கிறவள் லீவு நாளில் செய்தி அனுப்பி நிறுத்தட்டா என்று கேட்கிறாளே, சும்மாவா கேட்பாள் என்று ஒரு கணம் உனக்குத் தோன்றவில்லை. நான் ஏதோ நம் குடும்பத்துப் பாஷைக் கதை என்று உருகி உருகி அழுதேன் பார், ஏமாந்த சோணகிரி! உனக்கு ஒரு நல்ல சப்பைக்கட்டை என் கையாலேயே தயார் செய்து கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நெடுமங்காட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. செல்லத்தாய் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்து, "இரிங்கம்மா, இரிங்க" என்றாள். அந்தச் செய்தியை மேலாளரிடமும் போட்டுக் காட்டினாளாம். அவர் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அகலம் என்னல்லே பறஞ்ஞது? வீதி என்னு பறஞ்ஞில்லல்லோ." அகலம் என்றுதானே சொன்னாய், வீதி என்று சொல்லவில்லையே என்று. தமிழில் அகலம் என்றால் வேறு என்று இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மாட்டிக்கொண்ட பிறகு கதை மாற்றுகிறாள் என்று நினைத்துவிட்டார். அந்த ஆபீஸில் தமிழ் தெரிந்த ஆள் இன்னொருவன் உண்டு, அவனைக் கேளுங்கள் என்று இவள் உன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கேட்டிருக்கிறார். நீ, "வீட்ல நாங்களும் வீதின்னுதான் பறயும்" என்று சொன்னாயாம். எப்போது? நான் உனக்கு விளக்கிச் சொன்னதற்கு மறுநாள்! அது பொய்கூட இல்லை, பார். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுப் பொய் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாமல், உண்மையில் ஒரு துண்டை நறுக்கி எடுத்து அந்தப் பெண்ணின் வாயை அடைத்திருக்கிறாய்.

"நீ மலையாளத்துலயே சொல்லியிருக்கலாமே செல்லத்தாயி" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மலையாளத்துல சொன்னா வீதின்னுதான்மா சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாதா? சார்தான் சேர்ந்த அன்னிக்கே, நீ நம்ம ஆளு, எங்கிட்ட தமிழ்லயே பேசு, மலையாளம் வேண்டாம்னு சொன்னாரு. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் போட்டுக் கொடுத்த கடுங்காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நம்ம ஆளாம், நம்ம ஆளு! வேலை நடக்கும்வரை நம்ம ஆளு, காரியம் கெட்டால் ஆபரேட்டர். நீ அவளைத் தமிழில் பேசச் சொன்னது உனக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக இல்லை சங்கரா. பெரிய மனுஷத்தனத்துக்காக. அதன் விலையை அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு உன்னிடம் மறுபடி கேட்டேனே, அறிக்கையைத் திருத்தி எழுதினாயா என்று. நீ சொன்ன பதிலை உங்கப்பாவும் கேட்கட்டும். "இப்போ மாத்தினா எனக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் கிட்டாதும்மா. அங்க போய் ஒரு மாசம் கழிச்சு எழுதறேன். அவளுக்கு வேற வேலையா கிட்டாது?" கிட்டும், ஏன் கிட்டாது! அளவு மாறியதைச் சொல்லாதவள் என்று எழுதி அனுப்பிய பெண்ணை எந்தச் சுத்த அறையில் உள்ளே விடுவார்கள்? அவள் தொழிலே அளந்து சொல்வதுதான். துணிக்கடையில் நிற்கலாம், ஹோட்டலில் பாத்திரம் கழுவலாம், அதைத்தான் வேறு வேலை என்கிறாயா? மனப்பாடம் செய்ததைப் போல நீ அதைச் சொன்னபோது நான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன். (ஏங்க, இதையும் வாசிங்க.)

உன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்காதே. உன்னைப் போல ஒரு கணக்கு மூளையை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை. நீ அங்கே போக வேண்டும், நன்றாக வரவேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் அங்கேயும் ஒரு சுத்த அறை இருக்கும், அங்கேயும் யாரோ ஒருத்தி உன் கோட்டை அளந்து, தனக்குத் தெரிந்த பாஷையில், குறைந்திருக்கிறது என்று சொல்வாள். நீ அப்போதும் சாரமில்ல என்பாய். அதுதான் எனக்குப் பயம். ஒளி விரியாமல் போனால் இன்னொரு வேஃபர் செதுக்கலாம். இதற்கு இன்னொன்று கிடையாது. பிழை செய்ததற்காக நான் இவ்வளவு கத்தவில்லை. கால் மைக்ரான் பிழை நானும்தான் செய்தேன். தெரிந்த பிறகும் பதினோரு நாள் சாப்பிட்டு, தூங்கி, பெட்டி கட்டினாயே, அதற்குத்தான் கத்துகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். "அகலம் என்று ஆபரேட்டர் சொன்னது கோட்டின் வீதியைத்தான். சரியாகவே சொன்னார். நான்தான் தவறாகக் கேட்டு, ஓட்டச் சொன்னேன்." மூன்று வரி. மலையாளத்திலேயே எழுது, அது உனக்கு நன்றாக வரும். ஆபரேட்டர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் ஒன்பதரைக்கு செல்லத்தாயோடு அங்கே போய் உட்காருவேன். அவளிடம் சொல்லிவிட்டேன், அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான் கேட்கப் போவதில்லை. அந்தக் குரல் செய்தியை மறுபடி போடச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாக அவர்களுக்கு மலையாளத்தில் சொல்வேன். பால் சீட்டில் போட்ட அந்த இரண்டு கோட்டையும் அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுவேன். நாலு மைக்ரான் என்று முடிவு செய்ததில் இருந்த பிழையையும் சொல்வேன். இதையெல்லாம் சொல்ல நிங்ஙள் ஆராணு, நீங்கள் யார் என்று உன் மேலாளர் கேட்பார். டிசைன் செய்தவள் என்று சொல்வேன். சங்கரின் அம்மா என்றும் சேர்த்துச் சொல்லலாமா வேண்டாமா என்பதை வியாழக்கிழமைக்குள் நீ எனக்குத் தெரியப்படுத்து.

அம்மா